வாசலில் எத்தனை படி?

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பயிற்சி நடக்கிறதாம். சக்கர நாற்காலியில் ஐரோப்பா போகிறவர்களுக்கு ஓட்டல் பார்ப்பது எப்படி என்று நான் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். பேசியவள் ரேவதி. என்னிடம் வேலை பழகியவள்.

"நீங்க சொன்னா நல்லாருக்கும்க்கா. இப்ப வர்றவங்க வெப்சைட்ல நாற்காலிப் படம் போட்டிருந்தாப் போதும்னு புக் பண்ணிட்டுப் போயிடுறாங்க," என்றாள்.

சரி என்றேன். போனை வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த லிஸ்பன் விஷயம் மட்டும் வேணாங்க்கா. சார் சொல்லச் சொன்னாரு," என்றாள்.

பேசினேன். அவர்கள் கேட்டதையெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு பெண், "மேடம், உங்க சர்வீஸ்ல ஏதாவது தப்பாப் போனது உண்டுங்களா? அதச் சொன்னீங்கன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்," என்று கேட்டாள்.

"உண்டும்மா. லிஸ்பன்ல ஒரு ஓட்டல்..." என்று ஆரம்பித்தேன்.

நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த முகங்களில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், என் பெயருக்குப் பக்கத்தில் மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அங்கிருந்தே என் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். என் பழைய மேனேஜர் சந்திரமோகன் சார் திரையில் வந்து சிரித்தபடி எனக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்றைக்கு அந்தப் பெண்ணின் காதில் விழாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருடைய கதையோ அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறெதையும் மாற்றவில்லை.

என் ஊர் கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலத்தில் பி.காம் முடித்ததும் புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை கிடைத்தது. அந்த ஊரில் பாதிப் பேர் பிரான்சில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள், அல்லது அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்கள். அதனால் சாயங்கால வகுப்பில் பிரெஞ்சு படிக்கச் சொன்னார்கள், படித்தேன். பிறகு விருத்தாசலத்தில் கிளை திறந்தபோது கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

சக்கர நாற்காலிக்காரர்களின் வேலை என்னிடம் வந்தது தற்செயல்தான். பிரெஞ்சு தெரியும், போனில் பொறுமையாகப் பேசுவாள் என்று என் தலையில் கட்டினார்கள். ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போல, "சக்கர நாற்காலிக்கு வசதி இருக்கிறதா?" என்றுதான் கேட்பேன். "இருக்கிறது" என்பார்கள். ஒருநாள் பிரஸ்ஸல்ஸில் ஒரு ஓட்டல் வரவேற்பறைப் பெண் என்னை நிறுத்தினாள். "அப்படிக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வோம். எங்கள் லிஃப்ட் கதவு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். அப்போதுதான் நான் எழுந்து போய் அளந்து பார்ப்பேன்," என்றாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. என் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு போன்தான்.

ஐரோப்பாவில் பழைய ஊர்களின் நடுவே இருக்கும் கட்டிடங்கள் பெரும்பாலும் நூற்றாண்டுகளைத் தாண்டியவை. முகப்பில் கை வைக்கக் கூடாது என்று அரசாங்கமே தடுத்து வைத்திருக்கும். உள்ளே லிஃப்ட் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த லிஃப்ட் தெருமட்டத்திலிருந்து புறப்படாது, நாலைந்து படி ஏறிய பிறகுதான் இருக்கும். கேட்டால் லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். அது பொய்யும் இல்லை. சில இடங்களில் சாய்வுப் பலகை உண்டு, அது சாமான் அறையில் கிடக்கும், சாவி காலை வேலைக்காரரிடம் இருக்கும், நம் ஆள் மத்தியானம் போய் இறங்குவார். குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தால் நாற்காலியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்த முடியாது. கட்டில் ரொம்பத் தாழ்ந்திருந்தால் நாற்காலியிலிருந்து அதற்கு மாறிவிடலாம், திரும்பி ஏற முடியாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும், வாசலுக்கு வெளியே தெரு முழுக்கக் கருங்கல் பாவியிருந்தால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

அதனால் நான் தெருவில் தொடங்கிக் கழிப்பறை வரை வரிசையாகக் கேட்பேன். ஒவ்வொரு வாசலிலும் அளவு நாடாவை விரித்து வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். அந்த மாதிரி அறை ஒரு ஓட்டலில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், முதலில் வந்து நிற்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே அறை எண்ணைக் குறித்து ஈமெயிலில் உறுதி வாங்காமல் விடமாட்டேன். இங்கே போகிறவரின் நாற்காலியையும் அளப்பேன், சக்கரத்தைத் தள்ளும் கை இரண்டு பக்கமும் எவ்வளவு வெளியே வரும் என்பதையும் சேர்த்து. ஒரு ஓட்டலை முடிவு செய்ய சில சமயம் இரண்டு வாரம் ஆகிவிடும்.

சந்திரமோகன் சாருக்கு அது பிடிக்காது. அவர்தான் அப்போது எங்கள் கிளை மேனேஜர். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், சட்டைக் காலரில் சென்ட் வாசனை அடிக்கும், பேனா மூடியால் என் திரையைத் தட்டுவார். "நாற்காலிப் படம் போட்டிருக்கான்ல, அப்புறம் என்ன ஜெயந்தி?" என்பார். நான் காரணம் சொன்னால் பொறுமையாகக் கேட்பார். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க இஷ்டம்," என்று நகர்ந்துவிடுவார். அவர் அகராதியில் 'உங்க இஷ்டம்' என்றால் நான் சொன்னபடி செய் என்று அர்த்தம். எந்த உத்தரவையும் எழுத்தில் தரமாட்டார். வாய்மொழிதான், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸ் ஜங்ஷன் ரோட்டில் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. நாற்காலியில் வருகிறவர்கள் கீழே காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள், நான் இறங்கிப் போய் ஜன்னல் வழியாகப் பேசுவேன். ரோட்டுச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்திப் பேசுவோம். தரைத்தளத்தில் ஒரு கடை காலியானபோது மாறிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பாத்துக்கலாம்," என்றார் சார்.

கலைவாணி அப்படித்தான் வந்தாள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். இங்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் டிப்ளமோ படித்து முடித்த வருஷத்தில் திட்டக்குடி ரோட்டில் பஸ் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சில வருஷம் வீட்டில் கிடந்துவிட்டுப் பிறகு தானே முயன்று செராமிக் பேட்டையில் ஒரு ஷெட் எடுத்தாள். மற்றவர்கள் ஃப்யூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், இவள் சுவரில் பதிக்கிற ஓடுகளில் கையால் படம் எழுதிச் சுட்டாள். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள். நீலத்தில் ஒரு சாயம் அவளே கலந்து பிடித்தது, அடுப்பிலிருந்து எடுக்கும்போது ஈரம் காயாத மாதிரி மினுங்கும். அந்த ஓடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு லிஸ்பனில் ஒரு ஓவியக்கூடத்திலிருந்து அழைத்திருந்தார்கள். பல நாட்டுக்காரர்கள் வந்து ஒரு வாரம் அங்கேயே ஓடு எழுதிக் காட்ட வேண்டும்.

"அம்மாவும் நானுந்தான் போறோங்க்கா. அம்மாவால என்னத் தூக்க முடியாது. யாரும் தூக்காம நானே போவுற மாதிரி ஒரு எடம் வேணும்," என்றாள் கார் ஜன்னல் வழியாக.

"தூக்காமத்தான். அதுக்குத்தான நான் இருக்கேன்," என்றேன்.

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். தேடித் தேடி, ஆற்றங்கரையில் புதுக் கட்டிடம் ஒன்றில் அறை கிடைத்தது. ஊருக்குக் கொஞ்சம் ஒதுக்குப்புறம். ஆனால் தெருவிலிருந்து கட்டில்வரை ஒரு தடங்கல் இல்லை. போட்டோக்கள் வந்தன, அறை எண் வந்தது. கலைவாணிக்கு அனுப்பினேன். குளியலறைப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வூட்லகூட இப்படி இல்லியேக்கா," என்று எழுதியிருந்தாள்.

விமானம் ஏறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சார் என் மேசைக்கு வந்தார். கம்பெனி புதிதாக ஒரு ஏஜென்ட்டோடு ஒப்பந்தம் போட்டிருந்தது, ஐரோப்பா அறைகளெல்லாம் இனி அவர்கள் வழியாகத்தான். அவர்கள் பட்டியலில் லிஸ்பன் நடுவே பழைய மாளிகை ஒன்று ஓட்டலாக இருந்தது, நாற்காலிப் படத்தோடு. அதற்கு மாற்றிவிடலாம் என்றார். நான் அந்த ஓட்டலுக்குப் போன் செய்தேன். லிஃப்ட் உண்டு, அறை உண்டு, வாசலில் மட்டும் "சின்னதாக ஏற்றம்" என்றார்கள், ஆட்கள் கைகொடுப்பார்களாம். போட்டோ அனுப்பச் சொன்னேன், வரவில்லை. சாரிடம் போய் முடியாது என்றேன். காரணத்தை எழுதி அவருக்கும் தலைமை ஆபீசுக்கும் ஈமெயில் போட்டேன்.

"சரி, பழசே இருக்கட்டும்," என்றார். அப்படிச் சொன்னதால்தான் நம்பினேன். அவர் 'உங்க இஷ்டம்' என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஏதோ புது சாஃப்ட்வேர் பயிற்சி என்று என்னைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து கேட்டபோது, கலைவாணியின் டிக்கெட், ஓட்டல் காகிதமெல்லாம் அவள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றார் சார்.

அவள் லிஸ்பனில் இறங்கிய அன்று சாயங்காலம் நான் ஆபீஸ் முடிந்து காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அக்கா, இங்க படி இருக்குது."

"எங்க?"

"வாசல்ல. நெறைய இருக்குது. உள்ளாறயும் இருக்குது போலிருக்குது."

ஓட்டல் பெயரைக் கேட்டேன். சொன்னாள். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"இது நான் பாத்த எடம் இல்ல கலை. யாரு மாத்துனது?"

"நீங்கதானக்கா? பேரு வேறயா இருக்குதேன்னு நான் ஆபீசுக்குப் போன் பண்ணேன். ஜெயந்தி மேடந்தான் இதவிட நல்ல எடமாப் பாத்து மாத்தியிருக்காங்கன்னு சார் சொன்னாரு. உங்க பேரச் சொன்னதால நான் மேல ஒண்ணும் கேக்கல."

ஆற்றங்கரை ஓட்டலுக்குப் போன் செய்தேன். அந்த அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த இன்னும் சில இடங்களை விசாரித்தேன், ஒன்றிலும் அந்த மாதிரி அறை காலி இல்லை. அங்கே தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவளும் அம்மாவும் பெட்டிகளோடு தெருவில். குழாயோடு அவள் மாட்டியிருந்த சிறுநீர்ப் பை நிறைந்துவிட்டது, அதை மாற்றியாக வேண்டும், நடுத்தெருவில் எப்படி மாற்றுவது? சாருக்குப் போன் செய்தேன்.

"தூக்கி விடுவாங்க ஜெயந்தி. நம்ம ஊர்ல கோயிலுக்குப் போனாத் தூக்கறதில்லையா?" என்றார்.

ஓட்டல் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், சிரித்த முகமாக வந்தார்கள் என்று கலைவாணியே பின்னால் சொன்னாள். அவள் நாற்காலியில் கைவைக்கிற பகுதி கழற்றி மாட்டுவது. அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கீழ்ச்சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். அவள் இங்கிலீஷில் சொன்னாள், அம்மா சரோஜா தமிழில் கத்தினார். அவர்களுக்குப் புரியவில்லை. பாதிப் படியில் ஒரு பக்கத்துப் பிடி கையோடு வந்துவிட்டது. கலைவாணி படிகளில் உருண்டு தெருவில் விழுந்தாள்.

எழுப்பி உட்காரவைத்து, மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் வலிக்கவில்லை. அவளுக்கு வலிக்காது, அதுதான் கொடுமை.

மறுநாள் ஓவியக்கூடத்துக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். ஒவ்வொரு தடவையும் அதே படிகள், அதே இரண்டு பேர். இப்போது சட்டத்தைப் பிடித்துத் தூக்கப் பழகிவிட்டார்கள். அங்கிருந்து என்னோடு பேசினாள். "இங்க ஒரு அம்மா என் நீலத்தப் பாத்துட்டு, எப்படிக் கலந்தன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறாங்கக்கா. சொல்லவா வேணாமா?" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் அவளுக்கு உடை மாற்றும்போது அம்மா பார்த்தார். வலது தொடை வீங்கிச் சிவந்து கொதித்தது. ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். விழுந்த அன்றே முறிந்தது. உடைந்த எலும்போடு அவள் நீலம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கேயே ஆபரேஷன். அசையாமல் கிடந்ததில் படுக்கைப்புண் வந்தது. பாஷை தெரியாத ஊரில் சரோஜாம்மா தனியாக என்ன செய்வார்? தினமும் எனக்குப் போன் செய்து, பிரெஞ்சு தெரிந்த ஒரு டாக்டரிடம் கொடுப்பார், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நான் பேசி, அவர் பதில் சொல்லி, அதை நான் தமிழில் சொல்வேன். விமானத்தில் சீட்டுகளை மடக்கிப் போட்ட ஸ்ட்ரெச்சரில் கலைவாணி ஊர் திரும்பினாள். புண் எலும்புவரை போயிருந்தது. ஆறிற்று என்றால் மறுபடி வந்தது. கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியவள் ஒருக்களித்துப் படுத்தவளானாள். செராமிக் பேட்டை ஷெட்டை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். அவளிடம் வேலை செய்த பெண்கள் ஃப்யூஸ் கட்டை போடுகிற இடத்துக்குப் போய்விட்டார்கள்.

கலைவாணி தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு சார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். ஓட்டலை நான் முறைப்படி சரிபார்த்தேன் என்றும், பயணி தம் விருப்பப்படிதான் தூக்கிச் செல்ல ஒப்புக்கொண்டார் என்றும் அதில் அச்சடித்திருந்தது.

"கையெழுத்து மட்டும் போதும். மத்ததக் கம்பெனி பாத்துக்கும்," என்றார்.

"தெருவுல மழையில உக்காந்துகிட்டு, பை நெறஞ்சி போயி, வேற வழியில்லாம சரின்னா. அது விருப்பமா சார்?"

"இதுல உங்களுக்குந்தான் பாதுகாப்பு."

"நான் போட்ட ஈமெயில் உங்ககிட்ட இருக்கு."

"ஈமெயில் நெறைய வரும் ஜெயந்தி," என்றார் அமைதியாக. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "உங்க இஷ்டம்."

நான் கையெழுத்துப் போடவில்லை. நேராகக் கலைவாணி வீட்டுக்குப் போய், நான் புதுச்சேரி போயிருந்த வாரத்தில் சாரே ஓட்டலை மாற்றிவிட்டார் என்பதை அவளிடமும் அவள் வக்கீலிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு கம்பெனி பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, நடந்ததைப் பற்றி அவள் எங்கும் பேசக் கூடாது. அவளுக்கு அப்போது வாரா வாரம் ஆஸ்பத்திரி. ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதற்காக அவளை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மறுவாரம் என்னை ரயில் டிக்கெட் மேசைக்கு மாற்றினார்கள். ஐரோப்பாவோடு எனக்கு இருந்த சம்பந்தம் அதோடு அறுந்தது. தட்கல் டிக்கெட் போட்டுக்கொடுத்தே ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரத்தில் சார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அதற்குள் அவருக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. கம்பெனி புதிதாகத் தொடங்கிய, மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான பிரிவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பிரிவுதான் எனக்கு இப்போது பயிற்சிக்கு அழைப்பு அனுப்பியது.

பயிற்சி முடிந்த இரண்டாம் நாள் கலைவாணியைப் பார்க்கப் போனேன். இதை எழுதலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. சரோஜாம்மாதான் கதவைத் திறந்தார். கலைவாணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குரல் கேட்டதும் அம்மா அவளை இந்தப் பக்கம் புரட்டிவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்தார்.

கேட்டேன்.

"எழுதுங்கக்கா. பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது நான்தான். நீங்க போடலியே," என்றாள்.

பிறகு, "போன வாரம் உங்க ஆபீஸ்லேர்ந்து வந்திருந்தாங்க," என்றாள்.

"யாரு?"

"ஒரு பொண்ணும் கேமராக்காரரும். பழக்கூடையெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தாங்க. புதுப் பிரிவுக்கு விளம்பரம் போடுறாங்களாம். ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து நாற்காலியில ஐரோப்பா போன மொத ஆளு நாந்தானாம். அதனால என்னை போட்டோ எடுக்கணும்னாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, பாவம், ரொம்ப மரியாதையாப் பேசுனா."

"நீ என்ன சொன்ன?"

"எடுத்துக்கங்க, ஆனா என்னால உக்கார முடியாது, படுத்த மாதிரிதான் எடுக்கணும்னேன். அவ வெளியில போயி யாருக்கோ போன் பண்ணிக் கேட்டா." சரோஜாம்மா நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "திரும்பி வந்து, வேணாம்னு சொல்லிட்டாங்க, மன்னிச்சிக்கங்கன்னா. படுத்த மாதிரி எடுத்தா விளம்பரத்துக்கு ஆவாதாம்."